கோடியில் பிராசசர் எகிறினால், எந்த ஆட்-ஆன் என்று பிடிப்பது எப்படி?

டிவியில் எதுவும் ஓடவில்லை, படமும் பாட்டும் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளின் முகப்புத் திரை சும்மா நிற்கிறது, ஆனால் பெட்டியைத் தொட்டால் சுடுகிறது, ரிமோட்டை அழுத்தினால் மெனு இரண்டு நொடி கழித்துத்தான் நகர்கிறது. இந்த நிலைக்கு வந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுகிறார்கள், அப்புறம் பழைய ஆட்-ஆன்களையே (கோடியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களையே) ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள், கொஞ்ச நாளில் அதே சூடு திரும்பி வருகிறது. அழிக்கத் தேவையே இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு ஆட்-ஆன்தான் காரணமாக இருக்கும், அதன் பெயரும் கோடி தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பிலேயே இருக்கும். அதை எடுத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி (சுருக்கமாக பை), அதில் கோடியை ஓட்டுவதற்கென்றே இருக்கும் லிப்ரெஎலெக் இயங்குதளம், அதன் மேல் கோடி 19 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் மீடியா சென்டர் தொடங்குபவர்கள் பலர் வைத்திருப்பது இதுதான். விண்டோஸ், ஆண்ட்ராய்டு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறும் என்று அங்கங்கே சொல்கிறேன். மெனுப் பெயர்களை ஆங்கில மெனுவில் இருப்பதுபோலவே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

கோடி ஆட்-ஆன்களில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நீங்கள் திறந்தால் மட்டும் ஓடுவது. வீடியோ ஆட்-ஆன், பாட்டு ஆட்-ஆன் எல்லாம் இப்படித்தான், பட்டியலைக் காட்டி முடித்ததும் அந்த ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். இன்னொன்று சர்வீஸ், அதாவது கோடி தொடங்கும்போதே தொடங்கி, நீங்கள் அணைக்கும்வரை பின்னால் ஓடிக்கொண்டே இருப்பது. பார்த்த படங்களைக் கணக்கு வைப்பது, வேறு சர்வரோடு லைப்ரரியை ஒத்திசைப்பது, ஸ்கினுக்கு (கோடியின் திரைத் தோற்றத்துக்கு) தகவல் எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகளைச் செய்பவை இந்த வகை. நீங்கள் வீடியோ ஆட்-ஆன் என்று நினைத்து நிறுவியது தன்னோடு ஒரு சர்வீஸையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சும்மா இருக்கும்போதே பிராசசர் எகிறினால் சந்தேகம் முதலில் போக வேண்டியது சர்வீஸ்கள் மேல்.

நல்ல சர்வீஸ் ஒரு வேலையை முடித்ததும் சில நொடி தூங்கும், எழுந்து பார்க்கும், மறுபடி தூங்கும். மோசமாக எழுதப்பட்டது தூங்காமல் 'ஏதாவது வந்ததா, வந்ததா' என்று ஒரே சுற்றில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒரு சுற்று பிராசசரின் ஒரு கோரை (அதன் வேலைப் பிரிவுகளில் ஒன்றை) முழுதாகத் தின்றுவிடும்.

இங்கே சதவீதக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். பை 4-இல் நான்கு கோர். எது எவ்வளவு பிராசசரைத் தின்கிறது என்று காட்டும் லினக்ஸின் டாப் கருவியில் ஒரு கோர் முழுதும் போனால் 100 சதவீதம், நான்கும் போனால் 400. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் எல்லா கோரும் சேர்ந்ததுதான் 100, அதனால் நான்கு கோர் கணினியில் அதே ஒரு கோர் 25 ஆகத் தெரியும். யாராவது '25 சதவீதத்திலேயே நிற்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை' என்று சொன்னால், ஓர் ஆட்-ஆன் தூங்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் ஆதங்கம். ஆட்-ஆன்கள் பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை, அவை எல்லாம் தனித்தனி புரோகிராம்களாக ஓடுவதில்லை, கோடிக்குள்ளேயே ஒரே பைத்தான் பூட்டைப் பகிர்ந்துகொண்டு ஓடுகின்றன. ஒரு நேரத்தில் ஓர் ஆட்-ஆன்தான் பைத்தான் வேலை பார்க்க முடியும். தெருக்குழாயில் ஒருவர் குடத்தை எடுக்காமலே நின்றால் பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பதுபோலத்தான். அதனால்தான் மூன்று கோர் சும்மா இருந்தும் வேறு ஓர் ஆட்-ஆனைத் திறந்தால் பட்டியல் வர யுகமாகிறது, ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் படம் தடங்கலில்லாமல் போகிறது. இதைத் தெரியாமல் மெதுவாகத் திறக்கும் ஆட்-ஆனைத்தான் குற்றம் சொல்லி நீக்குவார்கள். காத்துக்கொண்டு நின்றது அதுதான், குழாயடியை அடைத்தது வேறொன்று.

படி 1: உண்மையிலேயே கோளாறுதானா?

புதிதாக நிறுவியிருக்கிறீர்கள், இப்போதுதான் பெரிய படத் தொகுப்பைச் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். படங்களின் விவரம் எடுப்பது, போஸ்டர்களைச் சிறிதாக்கிச் சேமிப்பது எல்லாம் பின்னால் நடக்கும், அது முடியும்வரை பிராசசர் வேலை செய்யத்தான் செய்யும். ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் மேலே போகலாம்.

திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் பைக்குப் போதிய மின்அழுத்தம் கிடைக்கவில்லை, சார்ஜரையோ கேபிளையோ மாற்ற வேண்டும். வெப்பமானி குறி வந்தால் சூடு 80 டிகிரியைத் தாண்டிவிட்டது, பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேகம் குறைந்த பிராசசரில் சாதாரண வேலையும் அதிக சதவீதமாகத் தெரியும்.

படி 2: சும்மா வைத்து அளப்பது

செட்டிங்ஸ், சிஸ்டம், லாக்கிங் என்று போய் 'எனேபிள் டீபக் லாக்கிங்' என்பதை (லாக்கில் எல்லாவற்றையும் விவரமாக எழுதச் சொல்வது) ஆன் செய்யுங்கள். அந்தத் தேர்வு தெரியவில்லை என்றால் கீழே இடது மூலையில் பல்சக்கரம் இருக்கும், அதை அழுத்தி நிலையை எக்ஸ்பர்ட் வரை உயர்த்துங்கள். ஆன் செய்ததும் திரையின் மேலே சிறிய எழுத்தில் லாக் கோப்பு இருக்கும் இடம், மெமரி, பிராசசர் அளவு எல்லாம் ஓட ஆரம்பிக்கும். இப்போது கோடியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், ஆட்-ஆன்கள் தொடங்கும் வரிகள் லாக்கில் பதிய வேண்டும் என்றால் டீபக் ஆன் ஆன நிலையில் கோடி தொடங்க வேண்டும்.

பிறகு எதையும் தொடாமல் முகப்பில் பத்து நிமிடம் விடுங்கள். பிராசசர் எண் இறங்கி அமைதியானால் உங்கள் பிரச்சினை ஏதோ ஒன்று ஓடும்போது மட்டும் வருவது, கீழே படம் ஓடும்போது என்ற பகுதிக்குப் போங்கள். இறங்கவே இல்லை என்றால் அடுத்த படி.

படி 3: ஸ்கினை விலக்கிப் பார்ப்பது

ஸ்கினும் ஓர் ஆட்-ஆன்தான் என்பதை மறந்துவிடுவோம். திரையில் எதுவும் அசையாதபோது கோடிக்கு வரைய வேலை இல்லை, ஓரத்தில் செய்தி வரி ஓடிக்கொண்டே இருந்தாலோ, பின்னணிப் படம் மெல்ல நகர்ந்தாலோ நொடிக்கு 60 முறை வரைய வேண்டியிருக்கும். செட்டிங்ஸ் திரை போல அசைவில்லாத இடத்துக்குப் போய் நில்லுங்கள். அங்கே எண் சட்டென்று இறங்கினால் முகப்பில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். அசலாக வரும் எஸ்டுவரி ஸ்கினுக்கு மாற்றிப் பாருங்கள், மாற்றியதும் அடங்கினால் வழக்கு முடிந்தது. பழைய ஸ்கின்தான் வேண்டும் என்றால் அதில் ஓடும் வரிகளையும் விட்ஜெட்களையும் குறையுங்கள்.

விட்ஜெட் என்று சொன்னேன், அது கொஞ்சம் தந்திரமானது. முகப்பில் 'புதிய படங்கள்' என்று ஒரு வரிசை தெரிகிறதே, அதை நிரப்ப ஸ்கின் ஒரு வீடியோ ஆட்-ஆனைக் கூப்பிடுகிறது. சில ஸ்கின்கள் இதை அடிக்கடி கூப்பிடும்படி அமைந்திருக்கும். அந்த ஆட்-ஆனை நீங்கள் திறக்கவே இல்லை, ஆனாலும் அது ஓடி ஓடி நிற்கும். இதற்கான தடயம் லாக்கில் இருக்கும், அதை 5-ஆம் படியில் சொல்கிறேன்.

படி 4: பாதி பாதியாக அணைப்பது

கணினியிலிருந்து பெட்டிக்குள் நுழைவதெல்லாம் நமக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் ஆண்ட்ராய்டு பெட்டிக்காரர்களுக்கும் இதுதான் வழி. ஆட்-ஆன்ஸ், மை ஆட்-ஆன்ஸ், சர்வீசஸ் என்று போனால் பின்னால் ஓடுபவற்றின் பட்டியல் வரும். (சில சர்வீஸ்கள் இங்கே வராமல் வீடியோ ஆட்-ஆன்களின் பட்டியலுக்குள் இருக்கும், அங்கேயும் ஒரு பார்வை பாருங்கள்.) ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு, பாதியை டிசேபிள் செய்து, ரீஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் பாருங்கள். அடங்கினால் குற்றவாளி அணைத்த பாதியில், அடங்காவிட்டால் மீதிப் பாதியில். எட்டு சர்வீஸ் இருந்தால் மூன்றே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொன்றாக அணைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டிசேபிள் செய்தால் ஆட்-ஆனின் செட்டிங்ஸ் அழிவதில்லை, மறுபடி எனேபிள் செய்தால் அப்படியே இருக்கும். அன்இன்ஸ்டால் இப்போது வேண்டாம். சிலவற்றை அணைக்க விடமாட்டேன் என்று கோடி சொல்லும், வேறோர் ஆட்-ஆன் அதை நம்பி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வேறொன்றை முதலில் அணையுங்கள்.

படி 5: பெயரோடு பிடிப்பது

பைக்காரர்களுக்கும் லினக்ஸ்காரர்களுக்கும் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன், ஊகமே வேண்டாம், ஒரே தடவையில் பெயர் கிடைத்துவிடும். லிப்ரெஎலெக் செட்டிங்ஸில் சர்வீசஸ் பகுதியில் எஸ்எஸ்ஹெச் (கணினியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வழி) ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு மாற்றச் சொன்னால் கட்டாயம் மாற்றுங்கள், பொதுவாக வரும் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். அதே இடத்தில் சாம்பாவும் (பெட்டியின் ஃபோல்டர்களைக் கணினியில் காட்டுவது) ஆன் ஆகியிருக்கட்டும். பெட்டியின் ஐபி எண் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் இருக்கும். விண்டோஸ் 10-இலிருந்து கமாண்ட் பிராம்ப்டிலேயே எஸ்எஸ்ஹெச் இருக்கிறது, ரூட் என்ற பயனர் பெயரில் அந்த ஐபிக்கு நுழையுங்கள்.

உள்ளே போனதும் டாப் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஒட்டினாற்போல் பெரிய எச் எழுத்து, என்டர். அந்தப் பெரிய எச் முக்கியம். அது இல்லாவிட்டால் கோடி மொத்தமாக ஒரே வரியாகத் தெரியும், அது நமக்கு ஒன்றும் சொல்லாது. எச் போட்டால் கோடிக்குள் ஓடும் த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) தனித்தனி வரிகளாக, அதிகம் தின்பது மேலே வரும்படி வரிசையாகும். வலது ஓரத்தில் பெயர், இடது ஓரத்தில் எண். ஆட்-ஆன் ஸ்கிரிப்ட் ஓடும் த்ரெட்டுக்குப் பெயர் 'லாங்குவேஜ் இன்வோக்கர்'. அந்தப் பெயரில் ஒரு வரி 80, 90 சதவீதம் என்று மேலேயே உட்கார்ந்திருந்தால் அதுதான் நம் ஆள். இடது ஓரத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 1127 என்று வைப்போம். கியூ எழுத்தை அழுத்தி வெளியே வாருங்கள். கோடியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், செய்தால் அந்த எண் மாறிவிடும்.

இப்போது லாக். கணினியின் நெட்வொர்க் ஃபோல்டர்களில் லிப்ரெஎலெக் பெயரில் பெட்டி தெரியும், அதில் லாக்ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்தால் ஒரு ஜிப் கோப்பு உருவாகி இருக்கும். அதற்குள் கோடி லாக்கை எடுத்து நோட்பேடில் திறந்து, குறித்த எண்ணைத் தேடுங்கள். ஒவ்வொரு வரியும் தேதி, நேரம், அப்புறம் ஒரு டி எழுத்து, முக்காற்புள்ளி, ஓர் எண் என்று தொடங்கும். அந்த எண்தான் த்ரெட் எண், டாப்பில் பார்த்த அதே எண். 1127 வரும் வரிகளில் 'சிபைத்தான் இன்வோக்கர்' என்ற சொல்லும், அடைப்புக்குறிக்குள் ஒரு கோப்பின் முழுப் பாதையும், கடைசியில் 'ஸ்டார்ட் பிராசசிங்' என்பதும் இருக்கும் வரியைப் பாருங்கள். பாதையில் ஆட்-ஆன்ஸ் என்ற ஃபோல்டருக்கு அடுத்து வரும் பெயர்தான் நீங்கள் தேடிய ஆட்-ஆன்.

எண் இருந்தும் தொடக்க வரி கிடைக்கவில்லை என்றால், அந்த ஆட்-ஆன் தனக்குள்ளேயே இன்னொரு த்ரெட்டைக் கிளப்பியிருக்கிறது. அப்போது அதே எண்ணில் வேறு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலான ஆட்-ஆன்கள் தாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியிலும் தங்கள் பெயரைப் போடும். அதுவும் இல்லையென்றால் 4-ஆம் படிக்குப் போங்கள்.

விட்ஜெட் தடயம் சொல்கிறேன் என்றேன் அல்லவா. 'ஸ்டார்ட் பிராசசிங்' வரிகளில் அடைப்புக்குறிக்குள் பாதைக்கு முன்னால் ஒரு சிறிய எண் இருக்கும், அது எத்தனையாவது ஸ்கிரிப்ட் என்பது. நீங்கள் எதையும் தொடாத பத்து நிமிடத்தில் அந்த எண் நூறைத் தாண்டி ஏறுகிறது, ஒவ்வொரு முறையும் அதே ஆட்-ஆனின் பெயர் வருகிறது என்றால் முகப்பு விட்ஜெட்தான் அதைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. ஆட்-ஆனை விட்டுவிட்டு விட்ஜெட்டை எடுங்கள்.

கோடியை அணைக்கும்போது பதியும் ஒரு வரியும் உதவும். அணைக்கச் சொன்னதும் எல்லா ஆட்-ஆனுக்கும் 'நிறுத்து' என்று செய்தி போகும், 5 நொடிக்குள் நிற்காததைக் கோடியே வலுக்கட்டாயமாக முடித்து, ஸ்கிரிப்ட் 5 நொடியில் நிற்கவில்லை, கொன்றுவிடுவோம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதும். அந்த வரியில் பெயர் வரும் ஆட்-ஆன் நிறுத்தச் சொன்னதைக் காதில் வாங்காமல் சுற்றுவது. முந்தைய ஓட்டத்தின் லாக் 'ஓல்ட்' என்ற சொல் சேர்ந்த பெயரில் தனியாக இருக்கும், அதில் தேடுங்கள். உங்கள் கோடி அணைய எப்போதும் நேரம் எடுக்கிறது என்றால் இந்த வரி இருக்க வாய்ப்பு அதிகம்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் த்ரெட் வரை காட்டாது. மைக்ரோசாஃப்ட் தரும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் இலவசம்தான், அதில் கோடியை இருமுறை கிளிக் செய்து த்ரெட்ஸ் பகுதியைப் பார்த்தால் எண் கிடைக்கும். லாக்கில் தேடுவது அதே முறை.

படம் ஓடும்போது மட்டும் எகிறினால்

இதில் ஆட்-ஆனுக்குப் பெரும்பாலும் நேரடிப் பங்கு இல்லை. படம் ஓடும்போது கீபோர்டில் ஓ எழுத்தை அழுத்துங்கள், டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரிப்பது) பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ என்றிருந்தால் அதற்கென்றே உள்ள சிப் விரிக்கிறது, எஸ்டபிள்யூ என்றிருந்தால் பிராசசரே விரிக்கிறது. வீடியோவைச் சுருக்கும் முறைகளில் எச்.264-ஐயும் எச்இவிசியையும் பை 4 சிப்பிலேயே பார்த்துக்கொள்ளும். பை 5-இல் எச்இவிசிக்கு மட்டும்தான் சிப் உதவி, எச்.264 பிராசசர் வழியாகத்தான் போகும், அது பை 5-க்குச் சுமையில்லை, சதவீதம் ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விபி9, ஏவி1 என்ற வேறு இரண்டு சுருக்கும் முறைகளுக்கும் எந்தப் பையிலும் சிப் உதவி கிடையாது. இணைய வீடியோ ஆட்-ஆன் இவற்றில் ஒன்றை 4கே அளவில் இழுத்தால் திணறத்தான் செய்யும். அந்த ஆட்-ஆனின் செட்டிங்ஸிலோ இணைய வீடியோவை ஓட்ட உதவும் இன்புட்ஸ்ட்ரீம் அடாப்டிவ் ஆட்-ஆனின் செட்டிங்ஸிலோ உச்சத் தெளிவை 1080 அல்லது 720 ஆக்குங்கள், வசதி இருந்தால் எச்.264-ஐத் தேர்ந்தெடுங்கள். வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டு போட்ட சந்தா சேவைகளுக்கு பையில் பூட்டுத் திறப்பதே மென்பொருள் வழியாகத்தான், அங்கேயும் 720 போதும் என்று ஒப்புக்கொள்வதுதான் நிம்மதி.

பிடித்தபின் என்ன செய்வது

உடனே நீக்காதீர்கள். முதலில் அந்த ஆட்-ஆனின் பெயரை லாக்கில் தேடி, ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். செயலிழந்த சர்வரையோ, காலாவதியான லாகினையோ வைத்துக்கொண்டு இடைவெளி விடாமல் முட்டிக்கொண்டிருக்கும் ஆட்-ஆன்கள் ஏராளம். மறுபடி லாகின் செய்தாலோ, தேவையில்லாத சர்வரை எடுத்துவிட்டாலோ அடங்கிவிடும். ஒத்திசைவு இடைவெளி நிமிடக் கணக்கில் இருந்தால் மணிக்கணக்காக்குங்கள்.

சமீபத்தில் அப்டேட் ஆனபின்தான் தொடங்கியது என்றால் ஆட்-ஆனின் தகவல் பக்கத்தில் வெர்ஷன்ஸ் என்று இருக்கும், அதில் முந்தைய பதிப்பு கிடைத்தால் அதற்குத் திரும்புங்கள், அதே பக்கத்தில் ஆட்டோ-அப்டேட்டை அந்த ஒன்றுக்கு மட்டும் அணையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அது சேமித்த தரவு கெட்டிருக்கலாம். கோடியின் யூசர்டேட்டா ஃபோல்டருக்குள் ஆட்-ஆன் டேட்டா என்ற ஃபோல்டரில் அதன் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், ஆட்-ஆனை டிசேபிள் செய்துவிட்டு, ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, மறுபடி எனேபிள் செய்து பாருங்கள்.

கொஞ்சம் பைத்தான் தெரிந்தவர்களுக்கு: சர்வீஸ் கோப்பைத் திறந்து 'வைல்' சுற்றைப் பாருங்கள். சுற்றுக்குள் கோடியின் மானிட்டர் தரும் 'வெயிட் ஃபார் அபார்ட்' இல்லாமலோ, சில மில்லிநொடி மட்டும் தூங்கும்படியோ இருந்தால் கோளாறு அதுதான். ஒரு நொடி காத்திருக்கும்படி அந்த ஒரு வரியைச் சேர்த்தால் 90 சதவீதம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் அழிந்துபோகும் என்பதால் எழுதியவருக்கும் தெரிவியுங்கள். இலவசமாக, ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள், அவர்களிடம் இருக்கும் கருவியில் இது தெரியாமலே போயிருக்கலாம். 'மெதுவாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், கோடி பதிப்பு, ஆட்-ஆன் பதிப்பு, த்ரெட் எண், லாக் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் அவர்களால் உடனே இடத்தைப் பிடிக்க முடியும். லாக்கை யாருக்கும் அனுப்புமுன் ஒருமுறை படித்து, உங்கள் பயனர் பெயர், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி ஏதும் இருந்தால் அழித்துவிடுங்கள்.

அழகான முகப்பும் நூற்றுக்கணக்கான ஆட்-ஆனும் ஒரே பொட்டலமாக வரும் 'பில்ட்'களைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம். யார் எழுதியது, எதற்கு ஓடுகிறது என்று தெரியாத சர்வீஸ்கள் அதில் பல இருக்கும், ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கிளம்பும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் கோடியின் சொந்த ரெப்போவிலிருந்து (ஆட்-ஆன் கிடங்கிலிருந்து) போடுவதுதான் சரி.

குற்றவாளியை அடக்கியபின், அணைத்து வைத்த மற்ற ஆட்-ஆன்களைத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக எனேபிள் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் எண்ணைப் பாருங்கள், இரண்டு கோளாறு சேர்ந்து இருப்பதும் உண்டு. எல்லாம் அமைதியானதும் எஸ்எஸ்ஹெச்சையும் டீபக் லாக்கிங்கையும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள், டீபக் ஓடும்வரை கோடி மெமரி கார்டில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும்.